பெண்கள் பிளாக்கில் காணாமல் போன டெஸ்டர்

சிதம்பரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் நான் வயரிங் சொல்லிக்கொடுக்கிறேன். கடலூர்ப் பக்கம் ஒரு சிறையில் கைதிகளுக்குத் தொழில் கற்றுத்தர ஆள் கேட்டார்கள் என்று என்னை அனுப்பினார்கள். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, நான் பெண்கள் பிளாக்கில் தையல் எடுக்க வேண்டுமாம். ஆண்கள் பக்கம் வயரிங், வெல்டிங், பிளம்பிங். பெண்கள் பக்கம் தையல், ஊதுபத்தி. பொம்பளை டீச்சர் என்றால் தையல்தான் என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ!

சிறை அதிகாரியிடம் சண்டை பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, ஒரு மாதம் வயரிங் நடத்திப் பாருங்கள், ஏதாவது ஏடாகூடமானால் நிறுத்திவிடுவேன் என்றார். சிரிக்கிற அதிகாரியை நான் நம்புவதில்லை. நான் எப்போது சறுக்குவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். பலகையில் சுவிட்சும் ஹோல்டரும் பியூசும் மாட்டக் கற்றுக்கொடுத்தேன். அதில் ஒருத்தி காட்டுமன்னார்கோயில்காரி, ரைஸ்மில்லில் வேலை செய்தவள். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் என்ன கோளாறு என்று நான் கேட்டு முடிப்பதற்குள், கண்டென்சர் போயிருக்கும் என்றாள். இன்னும் சில வாரங்களில் அவளுக்கு விடுதலை. வயரிங் சர்டிபிகேட்டோடு வந்தால் மில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள வைப்பதாக முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

"அந்தப் பேப்பர் இல்லன்னா ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவள நெல்லு காயவைக்கக்கூடக் கூப்பிட மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

எனக்கு அதுவும் சந்தேகம்தான். ஜெயிலிலிருந்து வருகிறவளை நம்பி எந்த முதலாளி மோட்டாரை ஒப்படைப்பான்? ஒருநாள் அவள், இந்த பிளாக்குக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். விளக்கை அணைத்துவிட்டுத் தப்பிக்கத் திட்டம் போடுகிறாளோ என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து அவள் கைகளையே கவனித்தேன்.

மூன்றாவது வாரம், வகுப்பு முடிந்து சாமான்களை எண்ணியபோது, கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் ஒன்று குறைந்தது. நான் யோசிக்கவே இல்லை. பெண் வார்டரிடம் அவளைக் காட்டினேன். அவளை மறைவுக்குக் கூட்டிப்போய் சோதித்தார்கள். பாயையும் போர்வையையும் உதறிப் போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் வெளியே வரும்போது வாசலில் இன்னொரு வார்டர் நிறுத்தினார். "டீச்சர், கொண்டையில என்னா அது?" என்றார். வயரிங் வேலை பார்க்கிற ஆண்கள் டெஸ்டரைச் சட்டைப் பையில் குத்திக்கொள்வார்கள். என் சுடிதாருக்கு ஏது பை? ஏணியில் ஏறும்போது கொண்டையில் செருகிக்கொள்வது எத்தனையோ வருடப் பழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் செருகியிருக்கிறேன். கூனிக் குறுகிப் போனேன்.

அப்படியே திரும்பி அதிகாரியிடம் போய், தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். டீச்சரே இப்படி இருந்தால் எப்படி என்று சொல்லி, மறுநாளிலிருந்து பெண்களுக்கு வயரிங் கிடையாது என்றார். அதற்கு முந்தின மாதம் ஆண்கள் பக்கம் ஒரு கட்டிங் பிளேயர் மூன்று நாள் காணாமல் போனது. அங்கே வயரிங் எடுக்கிற வாத்தியாரே பஸ்ஸில் என்னிடம் சொன்னார். அங்கே ஒரு வகுப்பும் நிற்கவில்லை. அதைக் கேட்டேன்.

"அது வேற விஷயம் டீச்சர்" என்றார். இதற்காகத்தான் காத்திருந்தாரா என்று இன்றும் சந்தேகப்படுகிறேன். ஆனால் சாக்கை அவர் கையில் கொடுத்தது நானல்லவா? காட்டுமன்னார்கோயில்காரி ஒருத்தியாவது வயரிங் பரீட்சை எழுதட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. எங்கள் நிலையத்திலும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார்கள்.

சிறைக் கணக்கில் எங்களுடையது தையல் வகுப்புதானாம்; மூன்று வாரம் சுவிட்ச் மாட்டிய ஆறு பேருக்கும் தையல் சர்டிபிகேட் வந்தது. பயிற்சியாளர் என்று அதில் கையெழுத்துப் போட்டது நான். அவள் விடுதலைக்கு முந்தின நாள் அதை அவள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மன்னிப்பு இருக்கட்டும் டீச்சர். ஆறு பேரு இருந்தோம். என்னைய மட்டும் எதுக்குக் காட்டுனீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீதான் நல்லா கத்துக்கிட்ட" என்றேன்.