முதல் வரிசையில் தாளம் போட்ட எத்திராஜ் அங்கிள்

காலையில் போனை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் கட்டம் போட்ட சட்டைதான். யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள்.

நல்லா இருக்கே இந்தப் போட்டோ என்று நினைத்தேன். அப்புறம்தான் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது தெரிந்தது.

எத்திராஜ் அங்கிள் போய்விட்டார். தூக்கத்திலேயே...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். திருவள்ளூர் பக்கம் ஒரு யூனிவர்சிட்டி மியூசிக் ஸ்கூலில் ஹால் வேலை. சேர் போடுவது, வருகிறவர்களை உட்கார வைப்பது, டீ கொடுப்பது. அதிகம் பேச வேண்டியதில்லை, அதனால் எனக்குப் பிடிக்கும்.

வருஷா வருஷம் அங்கே சீசன். காலையில் லெக்சர், சாயங்காலம் கச்சேரி. யார் வேண்டுமானாலும் வரலாம், டிக்கெட் கிடையாது.

அங்கிள் மணவாள நகரிலிருந்து தினமும் வருவார். லெக்சருக்குக்கூட. காலை நேரத்தில் பாதி ஹால் காலி, வந்த ஸ்டூடண்ட்ஸும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுவார். பேச வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் இவரைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்போதும் முதல் வரிசைதான். ஒருநாள் டீ கொடுத்தபோது அவரே சொன்னார். கும்மிடிப்பூண்டியில் இரும்பு அடிக்கிற கம்பெனியில் வேலை செய்து ரிட்டயர் ஆனவராம்.

"அந்த சத்தத்துல காது பூட்ச்சி பாப்பா. முன்னாடி குந்துனாதான் பாட்டு வரும். நாலு வரிசை பின்னாடி பூட்டா ஊமைப் படம் மாரி கீது."

பிரச்சினை என்னவென்றால் அவர் தாளம் போடுவார்.

சத்தமாக. தொடையில். தப்பாக.

பாட்டு அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்து கை இறங்குவதற்குள் மேடையில் அடுத்த இடத்துக்குப் போயிருப்பார்கள். பெரிய வித்வான்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிடுவார்கள். ஸ்டூடண்ட்ஸ்தான் பாவம். "அங்கிள் தொடைக்கு ஒரு மைக் வெச்சிடலாம்" என்று மிருதங்கம் வாசிக்கிற பையன் சொல்லிக்கொண்டே இருப்பான்.

போன வருஷம் ஒரு ஜூனியர் பெண் அவர் கையைப் பார்த்துத் தாளம் தப்பி, பாட்டையே நிறுத்திவிட்டாள். அடுத்த நாள் பொதட்டூர்பேட்டை சந்தியா அக்காவின் ஃபைனல் இயர் கச்சேரி. எக்ஸாமினர்கள் உட்கார்ந்து மார்க் போடுவார்கள்.

அக்கா என்னைத் தேடி வந்தார். 

"தங்கச்சி, நாளைக்கு மட்டும் அவர பின்னாடி உக்கார வெச்சிடுமா. என் மூணு வருஷமே இதுலதான் கீது."

தலையாட்டிவிட்டேன். எனக்கு முடியாது என்று சொல்ல வராது.

மறுநாள் அங்கிள் சீக்கிரமே வந்துவிட்டார். நெற்றியில் விபூதி, அதே மஞ்சள் சட்டை.

"இன்னிக்கு அந்தப் பொதட்டூர்பேட்டப் பொண்ணாமே. அது குரலு ஒன்னுதான் எனக்கு முழுசா கேக்குது பாப்பா."

இவரை எப்படிப் பின்னாடி அனுப்புவது...

முதல் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.  மேடையில் தம்பூரா ஆரம்பித்துவிட்டது. அக்கா என்னையே பார்க்கிறார்.

அப்போது வாசலில் ஒரே அழுகை. சந்தியா அக்காவுடைய அக்காவின் குழந்தை. அம்மாவிடமும் நிற்கவில்லை. நான் போய் வாங்கினேன். நேராக வந்து அங்கிள் மடியில் வைத்தேன்.

"கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?" அவ்வளவுதான் சொன்னேன்.

குழந்தை அவருடைய இரண்டு கட்டை விரலையும் பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. பத்து நிமிஷத்தில் அப்படியே தூங்கிவிட்டது.

நடுவில் ஒரு தரம் வலது கையை மெல்ல உருவினார். குழந்தை சிணுங்கியது. திரும்ப வைத்துவிட்டார். காலால் தட்டிப் பார்த்தார். அதற்கும் சிணுங்கியது.

அன்றைக்கு அக்கா பாடியது மாதிரி நான் கேட்டதே இல்லை. கடைசி வரை சிரித்துக்கொண்டே பாடினார்.

முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அங்கிளால் தட்ட முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"தாளம் போடவே உடல பாப்பா இந்தப் பொடியன். நான் மட்டும் போட்டிருந்தன்னு வையி, இன்னும் ஜோரா பாடிருக்கும் அந்தப் பொண்ணு."

பின்னாலேயே சந்தியா அக்கா நின்றிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆமா அங்கிள், நீங்க போடலியேன்னுதான் எனக்கு பயமாவே இருந்திச்சி" என்றார் அக்கா. குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போய்த்தான் சிரித்தார்.

அக்கா பாஸாகிவிட்டார். நல்ல மார்க். இப்போது திருவள்ளூரில் ஒரு ஸ்கூலில் பாட்டு டீச்சர்.

இன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் மணவாள நகர் போனோம். மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பந்தலில் சத்தமே இல்லை.

அங்கிளின் வீட்டு ஆன்ட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் பொதட்டூர்பேட்டப் பொண்ணா? ஊட்டுல எந்நேரமும் உன் பேச்சுதாம்மா. அவருக்கு ஒரே ஒரு பாட்டு பாடேன்."

அக்கா சரியென்றார். கூச்சமோ என்னவோ, பந்தல் வாசலிலேயே செருப்புகள் பக்கத்தில் நின்று மெல்ல ஆரம்பித்தார்.

போய் வாங்க அங்கிள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அக்கா உட்கார்ந்து பாட ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஃப்ரீசர் பாக்ஸை ஒட்டி, அவர் தலைமாட்டில் போட்டேன்.