அருளப்பு அண்ணையின் தூரத்து வாக்கு

பலெர்மோவில், லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது அருளப்பு அண்ணையின் அக்கா தொலைபேசியில் வந்தார். "தம்பி எழும்பேல்லை, பிள்ளை. கோப்பியோடை போய்த் தட்டினன், எழும்பேல்லை." "ஓம் அக்கா, வாறன்" என்றேன். மிச்சமிருந்த இரண்டு விரிப்புகளையும் முடித்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். கீழே வாசலில் அவருடைய நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. அவர் போய் இன்றைக்கு முப்பத்தோராம் நாள், நினைவுப் பூசைக்கு நீங்கள் எல்லாரும் வந்திருக்கிறீர்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

அவரை அந்தக் கட்டடத்தின் வாசற்காவலராக உங்களுக்குத் தெரியும். பூசையில் கடைசி வாங்கில் இருப்பவராகவும் தெரியும். அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் கனடாவின் வடக்கில் ஒரு மர ஆலையில் வேலை செய்தவர். காட்டை நம்பி ஆலை, ஆலையை நம்பி ஊர். என் தம்பி ஜெராட்டை அந்த ஆலைக்குள் வேலைக்கு எடுத்து விட்டவரும் அவர்தான். அக்காவுக்குச் சுகமில்லை என்று பலெர்மோவுக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. ஆனால் கனடாக் குடியுரிமை இருந்ததால், தேர்தல் வந்தால் அந்த ஊர்த் தொகுதியின் வாக்குச்சீட்டு தபாலில் அவரைத் தேடி வரும்.

பூசை முடிந்து பல்லரோச் சந்தையால் நடக்கும்போது எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். "என்ன அருளப்பு, பிரதமரோடை கதைச்சாச்சோ?" அவர் கோபப்படமாட்டார். "இஞ்சை எனக்கு இருக்க விடுற பெர்மெஸ்ஸோ மட்டும்தான் இருக்கு. அங்கை ஒரு வாய் இருக்கு" என்பார்.

போன வருடம் ஆலையை மூடினார்கள். ஜெராட்டுக்கு வேலை போனது. இந்தத் தேர்தலில் அங்கே இரண்டு பேருக்குள்தான் போட்டி. ஒருவர் ஆலையைத் திறந்து காட்டுகிறேன் என்றார். மற்றவர் ஒரு தாதி. வெட்ட மரமில்லை, ஆலை இனித் திறக்காது, வேறு தொழில் பழகக் காசு வாங்கித் தருகிறேன் என்றார். ஜெராட் எனக்கு ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தான். "அக்கா, அண்ணையிட்டைச் சொல்லு. இஞ்சை ஒவ்வொரு வோட்டும் பெறுமதி. ஆலை திறக்காட்டி நான் வீட்டை விட்டிட்டுப் போகவேணும்."

போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரம் இல்லாமல் ஆலை எதைப் பிள்ளை அறுக்கிறது? அந்தத் தாதி ஒருத்திதான் பொய் சொல்லேல்லை." எனக்குப் பொல்லாத கோபம். என் தம்பியின் சோற்றில் மண் போடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு ஒரு உறையைத் தந்தார். சீட்டில் வேட்பாளரின் பெயரைக் கையால் எழுத வேண்டுமாம். பூசைத் தாளின் பின்பக்கத்தில் நாலைந்து தரம் எழுதிப் பழகியிருந்தார். "வாசலை விட்டிட்டுத் தபாற்கந்தோருக்குப் போகேலாது. இண்டைக்கே பதிவுத் தபாலிலை போடு. தேர்தல் நாளுக்கு முன்னம் அங்கை போய்ச் சேரவேணும், பிந்தினால் எண்ணமாட்டினம்."

"உள்ளுக்கை ஆற்றை பேர் எண்டு எனக்குத் தெரியும். பிறகும் என்னட்டையே தாறியள்?"

"அதாலைதான் தாறன். விருப்பமானவன் மறந்துபோவான். உனக்கு மறக்காது."

மறக்கவில்லை. பதினொரு நாள் அந்த உறை என் கைப்பையில் இருந்தது. தபாற்கந்தோரை ஒவ்வொரு நாளும் கடந்துதான் பேருந்துக்குப் போனேன். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, தபாலில் போடவும் மனம் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் போட்டேன். "போட்டியோ?" என்று அவர் கேட்டார். "ஓம்" என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

பற்றுச்சீட்டின் இலக்கத்தைக் கைபேசியில் அடித்துப் பார்த்தேன். உறை போய்ச் சேர்ந்தது தேர்தலுக்கு அடுத்த நாள்.

தாதி தோற்றுப்போனார். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றார். ஒரு வாக்கால் ஒன்றும் மாறியிராது. நானே அண்ணைக்குச் செய்தியைச் சொன்னேன். "பரவாயில்லை. தோத்தவையின்ரை எண்ணிக்கையிலை நானும் ஒருத்தன். உண்மை சொன்னவள் தனிய நிக்கேல்லை, அது காணும்." பிந்திப் போட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் சிஞ்ஞோரா மேலிருந்து கூப்பிட்டார். பிறகு சொல்லலாம் என்று படியேறினேன். மூன்று கிழமையில் அவர் போய்விட்டார்.

ஆலை இன்னும் திறக்கவில்லை. ஜெராட் வீட்டை விற்றுவிட்டு வேறு மாகாணத்துக்குப் போகிறான். "அண்ணை சொன்னது சரிதான்" என்று நேற்று எடுத்துச் சொன்னான். ஓம் என்றேன்.

அண்ணையின் உடுப்புகளை அக்கா கோவிலுக்குக் கொடுத்துவிட்டார். நாற்காலியில் புதிய ஆள் இருக்கிறார். என்னிடம் இருப்பது அந்தத் தபாற் பற்றுச்சீட்டு மட்டும். அதில் நான் போட்ட திகதி தெளிவாக இருக்கிறது. அவரை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லாமல் மெழுகுதிரி கொளுத்த எனக்குக் கை வரவில்லை. தோற்றவர்களின் எண்ணிக்கையில் அண்ணை இல்லை. இருக்கிறேன் என்று நம்பித்தான் படுத்தார்.