வாசலில் ஒரு சொல்தா

தெயோவுக்கு அந்த வகைப் புத்தகங்களைக் கண்டாலே குமட்டும். கைப்பேசியில் ஒரு விளையாட்டு நன்றாக ஓடினால் போதும், அதன் கோட்டையையும் வாளையும் கதாநாயகனையும் வைத்து நாவல் போட்டுவிடுகிறார்கள், விளையாடி முடித்தும் விரல் அரிப்பு அடங்காதவர்களுக்கு. சிற்றிதழ்களில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டவர் அவர். இப்போது அவரே ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். கேட்ட நண்பர்களிடம் "பிழைப்பு" என்றார். அட்டையில் தன் பெயர் வரக்கூடாது என்று விளையாட்டுக் கம்பெனியிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சென்னையிலிருந்து கம்பெனியின் எடிட்டர் கவிநிலா போனில் நிபந்தனைகளைச் சொன்னாள். கதாநாயகன் கருங்கோட்டை வீரன் சாகக்கூடாது, அடுத்த விளையாட்டு வருகிறது. கல்யாணம் கூடாது. கிழவனாகக் கூடாது. கை கால் போகக்கூடாது.

"காய்ச்சலாவது வரலாமாம்மா?"

"கேட்டுச் சொல்றேன் சார்."

கேட்டும் சொன்னாள். வரக்கூடாது.

அவர் மனைவி ஏலிஸ் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லித் தருபவள். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "சாவாத ஆள வெச்சி, படிக்கிறவன சாவடிக்கிறீங்க."

அது அவருக்கும் தெரியும்.

ஆனால் விளையாட்டில் கோட்டை வாசலில் ஒரு காவலாள் நிற்பான். பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. அவனுக்குப் பின்னால் இருக்கும் கதவு வெறும் படம், எவ்வளவு தட்டினாலும் திறக்காது. எழுத்தில் திறக்கும். இந்த இழவெடுத்த வேலையில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று தெயோவுக்குத் தோன்றியது.

அவர் அப்பா மொரீஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். சிப்பாய்க்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். பென்ஷன் வாங்கும் கிழவரானாலும் சாகும்வரை சொல்தாதான். அல்ஜீரியாவில் ஒரு கொட்டடி வாசலில், யாரை எதற்காகத் தடுக்கிறோம் என்று தெரியாமலே நின்றவர். ஊர் திரும்பி பிராந்தியோடு உட்கார்ந்தவர். அவரைப் பற்றித் தெயோ ஒரு வரி எழுதியதில்லை. சிற்றிதழில் எழுதினால் அப்பா சென்டிமென்ட் என்பார்கள். தன் பெயர் இல்லாத குப்பைக்குள் எழுத வெட்கமாக இல்லை. கோட்டைக் காவலாளை சொல்தா ஆக்கி ஒரு முழு அத்தியாயம் எழுதினார். அது மட்டும் அப்படியே அச்சாகிவிட வேண்டும் என்று, மாதா கோயில் பக்கமே போகாத மனுஷன் மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

அச்சுக்குப் போகிற பிரதி வந்தது. அத்தியாயத்தைக் காணோம். ஒரு வரி மிஞ்சியிருந்தது: வாசலில் நின்றவன் கையை நீட்டி, "சொல், தா" என்றான்.

தெயோ கவிநிலாவுக்குப் போன் போட்டார்.

"'வாசலில் சொல்தா'ன்னு சேர்த்து அடிச்சிட்டீங்க சார். நான்தான் பிரிச்சேன். உள்ள வர்றவன்கிட்ட பாஸ்வேர்டு கேக்குறான், இல்ல? மத்ததெல்லாம் பென்ஷன், பிராந்தின்னு எங்கியோ போவுது. நம்ம யூனிவர்ஸ்ல பிராந்தி கெடையாது சார்."

"அது ஒரே சொல்லும்மா."

"ஆனா செம சார்! கேம்லயே அந்த டயலாக்க வெக்கிறாங்க. புக்கு ஃபைனல் ஆயிடுச்சி, அட்டை மட்டும்தான் பாக்கி. இப்பவாச்சும் உங்க பேர் போடலாமா?"

தெயோ வரியை மறுபடி படித்தார். எரிச்சலாக இருந்தது. புத்தகத்திலேயே அதுதான் நல்ல வரி. அதையும் அவர் எழுதவில்லை.

தோள் வழியாக ஏலிஸும் படித்தாள். "பாவம் உங்கப்பா. வாசல்லயே நிக்க வெச்சிட்டு இத்தன நாளா ஒரு சொல்லுகூடக் குடுக்கல நீங்க."

"சார்? லைன்ல இருக்கீங்களா? பேரு?"

"மொரீஸ்னு போடு."

"அது யாரு சார்? கேரக்டர் லிஸ்ட்ல இல்லியே."

"இல்லதான். போடு."

இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது. புத்தகம் வந்தது. அட்டை முழுக்கக் கருங்கோட்டை வீரன், ஒரு கீறல் இல்லாமல், வாளோடு நின்றான். அவன் பூட்ஸுக்குக் கீழே, பொடி எழுத்தில், மொரீஸ்.