சந்தனப் பொட்டு வைத்த படம்

சினிமாவில் ஒருவரைச் சாகடிக்கத் தங்கபாண்டிக்கு வசனமே வேண்டாம். சுவரில் ஒரு படம், அதில் சந்தனப் பொட்டு, மாலை, கீழே சின்னச் சிவப்பு பல்பு. கொட்டகையில் எல்லோரும் தாமாகவே உச்சுக்கொட்டுவார்கள். திருவனந்தபுரத்துப் படப்பிடிப்புகளில் சாமான் எடுத்து வைத்தே இருபது வருஷம் ஓட்டிய திருநெல்வேலிக்காரன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று சாமான்களைப் பார்த்தே சொல்லிவிடுவானாம். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவன் காலை வாரியது.

தொண்ணூற்றேழில் கரமனை அக்கிரகாரத்தில் ஒரு வீட்டைப் படப்பிடிப்புக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்கார நாகலக்ஷ்மி மாமி சாவியைக் கொடுத்துவிட்டு மகள் ஆஷா வீட்டுக்குப் போயிருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கதாநாயகியின் செத்துப்போன அப்பாவுக்கான படம் கம்பெனி ஆபீஸிலிருந்து வரவில்லை. டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். கூடத்தில் ஒரு பெரியவர் படம் தனியாகத் தொங்கியது. கீழே காலியான சாய்வு நாற்காலி, அதன் கைமேல் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பொட்டு வைத்தான், மாலை போட்டான், பல்பைப் போட்டான்.

ஷாட் முடிந்தபோது வாசலில் மாமி நின்றாள்.

"அவரோட மூக்குக்கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டோம். பேப்பர் படிக்க முடியலைங்கறார். நாளைக்கு ஹார்ட் ஆப்பரேஷன்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலிப் பக்கம் வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

தங்கபாண்டி ஓடி வந்தான். "மாமி, சத்தியமா எனக்கு அறியில்ல..." ஸ்டூலில் ஏறி மாலையைக் கழற்றினான். பொட்டைத் துண்டால் தேய்த்தான். சட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் போகவே இல்லை.

மாமி திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

"அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களும் யார்ட்டயும் சொல்லாதீங்கோ" என்று மூக்குக்கண்ணாடியை முந்தானையில் பொத்திக்கொண்டு படியிறங்கினாள்.

விடிந்ததும் விடியாததுமாகப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தான். கை ஓய்ந்தது, பயம் ஓயவில்லை. பிள்ளையார் அன்றைக்கு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் ஆஷா அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"அப்பா படத்தைக் கழட்டித் தருவேளா? மாலை போடணும்."

அவன்தான் ஸ்டூலில் ஏறிக் கழற்றிக் கொடுத்தான்.

அதற்கப்புறம் செத்தவர் படம் வேண்டுமென்றால் தங்கபாண்டி தன் படத்தையே மாட்டுகிறான். இதுவரை பதினோரு சினிமாவில் செத்தாயிற்று. மனைவி விஜயம் கொட்டகைப் பக்கமே போவதில்லை. படம் வீடு திரும்பும்போதெல்லாம் அவள்தான் பொட்டை அழிக்கிறாள்.

"ஒரு நாள் பலிச்சிரப் போவுது, கேட்டேளா" என்று அழுவாள்.

"பலிச்சா என்னோட போவட்டும்" என்பான் தங்கபாண்டி.