யோகம் முடியட்டும்

போன வாரம் ஒரு கூட்டத்துக்குப் போனேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

கோட்டாற்றில் ஒரு மண்டபம். நோட்டீஸில் தலைப்பைப் பார்த்ததுமே பாதி மிரண்டுவிட்டேன் — ‘உலக உணவு நெருக்கடியும் நிர்வாக சாஸ்திரமும்’. நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு அங்கே என்ன வேலை? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் கட்டாயம் வரவேண்டும் என்று ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். போய், கடைசி வரிசையில் தூண் மறைவாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

மேடையில் மூன்று பேர். சீமையில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த பேராசிரியர். கருவாடு வாங்கிக் கப்பலேற்றுகிற மொத்த வியாபாரி. மூன்றாமவர் குளச்சலில் மீனுக்கு உப்பு அளந்து கொடுக்கிற சர்க்கார் கிட்டங்கியின் அதிகாரி, திருவனந்தபுரத்துக்காரர்.

“படித்தவனும் வியாபாரியும் சர்க்காரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் உலகத்தில் பசி என்ற பேச்சே இருக்காது” என்றார் பேராசிரியர். நானும்தான் கை தட்டினேன். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று, மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று நாளைத் தள்ளுகிறோமே... யாருக்குத்தான் கை தட்டத் தோன்றாது?

அப்போதுதான் வாசலில் சத்தம்.

ஒரு பெண்பிள்ளை. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த வியர்வை, மீன் வாடை. குளச்சல் கரையில் மீனுக்கு உப்பிட்டு உலர்த்துகிற சூசம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாசலில் நின்ற தொண்டர் மறித்தார்.

“கிட்டங்கி ஏமானைப் பாக்கணும். இண்ணைக்குக் காலத்த வலைமடி கிழிய சாளை மீனு ஏறியிருக்கு. கரை முழுக்கக் குமிஞ்சு கெடக்கு. உப்புக் கிட்டங்கி பூட்டு. சாவி ஏமானுக்க கையிலயாக்கும்.”

“உள்ள யோகம் நடக்கது தெரியலியா? யோகம் முடியட்டும்.”

யோகம் என்றால் நம் பக்கத்தில் கூட்டம். மலையாளத்தில் நடக்கிற சர்க்கார் நமக்குத் தந்த சொல். சூசம்மா அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

“எனக்க யோகம் காலத்தயே முடிஞ்சாச்சு. உனக்க யோகம் எப்பம் முடியும்?”

கடைசி வரிசை கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாளை மத்தியானம் தாங்குமா? கரை முழுக்கக் கிடக்கிற மீனுக்கு அடுக்களைப் பரணியில் இருக்கிற உப்பு எந்த மூலைக்கு? அழுகிவிட்டால் தென்னை மூட்டில் உரமாகப் புதைக்க வேண்டியதுதான். படகு இறங்காத மழை மாசத்தில் அந்தக் கரைக்கே சோறு போடுகிற மீன் அது!

“பின்னால் என்ன சிரிப்பு?” பேராசிரியர் பேச்சை நிறுத்தினார்.

திடீரென்று ஒரு குரல் — “குளச்சலில் மீன் அழுகுதாம் ஐயா. கிட்டங்கிச் சாவி மேடையில இருக்காம்.”

ஐயோ, அது என் குரல்! கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்காதவள் நான்.

அதிகாரியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது.

“கொடுத்து அனுப்புங்கள்” என்றார் பேராசிரியர்.

“ஞான் இல்லாதே தொறக்கான் பாடில்ல.” அவர் இல்லாமல் திறக்கக் கூடாதாம்.

“அப்பம் நீங்களும் வாங்க. வெளிய எனக்க பிளஷர் நிக்கு” என்று வியாபாரி எழுந்துவிட்டார்.

பேராசிரியரும் கூடக் கிளம்பினார். சூசம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தவள் விடவில்லை. அதனால் நானும் அந்தக் காரில் ஏறும்படி ஆயிற்று.

பாதி வழியில் பேராசிரியர் கேட்டார்: “கிட்டங்கிக்கு ஏன் ஒரே ஒரு சாவி?”

“அது கச்சவடக்காரர் கேட்டதல்லே? சரக்குக்குக் காவலாயிட்டு...” என்றார் அதிகாரி, வியாபாரியைக் கைகாட்டி.

வியாபாரி வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். “நாங்களா! சர்க்கார் சட்டமாக்கும்னுல்லா நான் இவ்வளவு நாளும் நெனச்சேன்!”

சர்க்காரும் போடவில்லை, வியாபாரியும் கேட்கவில்லை. யாருமே போடாத சட்டம்! அதற்குப் பயந்து ஒரு கரையே காத்துக் கிடந்திருக்கிறது. வாரம் தவறாமல் பார்த்துக்கொள்கிற இரண்டு பேர்... ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெளியிலிருந்து ஒரு படித்த மனுஷன் வந்து கேட்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்விக்காக அவர் படிப்புக்கு நான் மரியாதை வைக்கிறேன்.

ஆனால் போய்ச் சேர்ந்தபோது பாதி மீன் வயிறு வெடித்துக் கிடந்தது. தென்னந்தோப்பில் ஆண்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டங்கி திறந்ததுதான் தாமதம், பெண்கள் மிச்ச மீனில் விழுந்து உப்பிட ஆரம்பித்தார்கள். சூசம்மா குழிப் பக்கம் திரும்பவே இல்லை. உலகத்துப் பசிக்கு நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே சாப்பாட்டைப் புதைத்திருக்கிறார்கள்.

“இன்னொரு சாவி செய்து இந்தப் பெண்களிடமே கொடுத்தால் என்ன?” என்றார் பேராசிரியர், மூக்கைப் பொத்திக்கொண்டே.

“கொடுக்காம்” என்றார் அதிகாரி. கொடுக்கலாமாம். “மேலே எழுதணும். அதினு முன்னே நாம மூணு பேரும் கூடி ஒரு தீர்மானம் வேணும்.”

“பேஷாப் போடுவோம். அடுத்த மாசமே ஒரு யோகம் வச்சிருவோம்” என்றார் வியாபாரி.

உப்புக் கையோடு சூசம்மா நிமிர்ந்தாள்.

“எந்தக் கிழமை ஏமானே?”

“எந்தினா?” எதற்கென்று கேட்டார் அதிகாரி.

“அண்ணைக்குக் கடலுக்குப் போவண்டாம்னு ஆம்பிளையளுக்குச் சொல்லணும்லா.”