ஒரே வார்த்தையில் ஒரு விருந்து

என் மாமாவுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினைச்சொல்தான் தெரியும். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பொன்முடி மலைக்குக் காரில் ஏற்றி இறக்கிவிட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த நான் இதைக் கேலி செய்யக் கூடாதுதான். ஆனாலும் செய்வேன், அவர் என் மாமா.

அந்தச் சொல் ‘டேக்’. இடதுபக்கம் திரும்ப அதுதான், போட்டோ பிடிக்கவும் அதுதான். டீ குடிக்க, குளிக்க, உட்கார, ஓய்வெடுக்க, சூதானமாக இருக்க எல்லாவற்றுக்கும் அதுவே போதும். நேற்று நடந்ததென்றால் ‘டுக்’. எல்லாம் முடிந்துவிட்டதென்றால் ‘டேக்கன்’. “ஆளு ஒண்ணுதான் மருமவனே, சட்டைதான் மூணு” என்பார்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. நாகர்கோவிலில் இரண்டு வேலையை விட்டுவிட்டு மாமா திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார். கிழக்கேகோட்டையில் ஒரு டிராவல்ஸ்காரர் அவரைச் சோதனைக்கு எடுத்திருந்தார். “சாயிப்புக்கு இஷ்டப்பட்டா வண்டி நினக்கு. இல்லேங்கில் நாகர்கோவில் பஸ் அவிடே நிக்குது” என்று சொல்லியிருந்தார். திருவனந்தபுரத்தில் வெள்ளைக்காரர் சாயிப்பு, அவர் மனைவி மதாம்மா.

மலையில் அவர்கள் சாப்பாட்டைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறார்கள். ‘லஞ்ச்’ என்பது மட்டும் காதில் விழ, “டேக் லஞ்ச், சிஸ்டர் ஹவுஸ்” என்று மாமா அடித்துவிட்டார். மறுநாள் மத்தியானம் இருவரும் வருவதாக ஏற்பாடு.

அம்மா கொதித்தாள். “யாரைக் கேட்டுலே கூப்ட்ட? எனக்கு அவ்வோகிட்ட என்ன பேசத் தெரியும்?”

“எக்கா, ஒரே வார்த்தைதான். இலையைக் காட்டி டேக்குன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுவேன்.”

“இந்த வேலையும் போச்சுன்னா உனக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்?”

“அதுக்குத்தாங்கா சொல்லுதேன். நல்லா விளம்பு.”

அம்மா இலை கொள்ளாமல் நல்லாவே விளம்பினாள். அவியல், உள்ளித் தீயல், பருப்பு, பப்படம், அடைப் பாயசம். சாயிப்பும் மதாம்மாவும் கூடத்தில் காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்தார்கள். “டேக்குங்க” என்றாள் அம்மா. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் மரியாதை சேர்த்தது அவளுடைய சொந்தத் தயாரிப்பு.

எங்கள் வீட்டில் இலை காலியானால் விருந்தாளிக்கு வயிறு நிறையவில்லை என்று அர்த்தம். வேண்டாம் என்று அவர் கையைக் குறுக்கே வைத்தால் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். அவர்கள் ஊரிலோ, போட்டதை மிச்சம் வைத்தால் சமைத்தவருக்கு அவமரியாதை போலிருக்கிறது. அம்மா போட, அவர்கள் தின்ன, இலை காலியாக, அம்மா மறுபடியும் போட்டாள். சாயிப்பு பெல்ட்டைத் தளர்த்தினார். மதாம்மாவின் மூக்கு நுனி சிவந்து வேர்த்தது. கெஞ்சுகிற குரலில் அவள் என்னவோ சொன்னாள்.

“என்னலே சொல்லுதா?” என்றாள் அம்மா.

“தீயல் பிடிச்சிருக்காம், இன்னும் போடு” என்றார் மாமா.

அடுத்த கரண்டி இலைக்கு வருவதற்குள் மதாம்மா எழுந்துவிட்டாள். நேராக வந்து அம்மா கையிலிருந்து கரண்டியையும் சட்டியையும் வாங்கிக்கொண்டாள். மாமாவின் முகம் பேயறைந்தது போலாயிற்று. “எக்கா, எல்லாம் கழிஞ்சு. இனி நாகர்கோவில் பஸ்ஸுதான்” என்று முனகினார்.

மதாம்மா சட்டியைக் கீழே வைத்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து அழுத்தித் தரையில் உட்கார வைத்தாள். மூலையில் நறுக்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு இலையை எடுத்து விரித்தாள், நுனி வலப்பக்கம் வருகிற மாதிரி. நான் அப்படிப் போட்டால் அம்மா என் மண்டையில் குட்டுவாள். முதலில் பாயசம், அதன் பக்கத்தில் சோறு, சோற்றின் மேல் அவியல் என்று தலைகீழாக விளம்பிவிட்டு, மதாம்மா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள், மெதுவாக. அடுக்களை வாசலில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்கிற அவசரம் அன்று இல்லை. பாதியில் தலையை நிமிர்த்தாமலே, “தீயல் கொஞ்சம்” என்றாள். மதாம்மாவுக்கு அந்தத் தமிழ் எப்படிப் புரிந்ததோ, ஊற்றினாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மாமா, அம்மா ரெண்டாமதும் கேக்கா!” என்று கத்தினேன். மாமா என் தொடையில் கிள்ளினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சாயிப்புக்கும்தான்.

மறுநாள் டிராவல்ஸ்காரர் கார் சாவியை மாமாவிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். “நின்டே வீட்டு ஊணைப் பத்தி ஒரு மணிநேரம் பறஞ்சல்லோ அந்த மதாம்மா!” என்றாராம். தன் இங்கிலீஷால் கிடைத்த வேலை என்று மாமா இன்றைக்கும் நம்புகிறார்.

ஒரு வாரம் கழித்து நானும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று, “நான் தின்னு முடிக்கது வரைக்கும் அவ எந்திரிக்கவே இல்ல பாத்தியா மக்கா?” என்றாள்.

“எந்திரிக்க முடிஞ்சால்லா எந்திரிப்பா? வயிறு அப்டி!” என்றேன்.

அம்மாவும் சிரித்தாள். நாங்கள் எழுந்ததும் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, பானையை வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றபடியே தின்றாள். நான் அவளைத் தாண்டிப் போய்க் கை கழுவிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.