சீர்க்குடத்தில் ஒளித்த மருந்து

"ஏண்டி, ஊர்ல வேற கதையே கெடைக்கலயா உனக்கு? தாத்தாவுக்கு ஊசி போட்ட கதய கேட்டுகினு இன்னா பண்ணப் போற? போய் வேலய பாரு!"

பேத்தி போகவில்லை. நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எனக்கு நல்ல பெயர் வருகிற மாதிரி மாற்றாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலையிலும் சாயங்காலமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஆரணியில் எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் இல்லை. சூடு பட்டால் மருந்து செத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எங்கள் தறி வீட்டில் குளிர்ச்சியான இடம், அவர் உட்கார்ந்து நெய்யும்போது கால் தொங்கவிட்டு மிதிக்கிற குழிதான். அதன் மூலையில் ஒரு மண்சட்டி, அதில் ஈரமணல், மணலுக்குள் துணி சுற்றிய மருந்து பாட்டில்.

"எனக்குக் கால் வெக்க எடமில்ல. இது மட்டும் ஜமீன்தார் மாதிரி படுத்துகினு கீது" என்பார்.

மூத்த மகள் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில், செய்யாரில். சித்திரை மாசம். பெண்ணின் அப்பாவுக்கு ஊசி போடுகிற வியாதி என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அது பெண்ணுக்கும் வரும் என்று சம்பந்தத்தை முறித்துக்கொள்வார்களோ என்று பயம்.

கிளம்பும்போது அவர் மண்சட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"மடியில வெச்சிகினு வரேன்மே."

"பொண்ணோட அப்பா சட்டியோட வந்து எறங்கினா, பிச்சைக்கு வந்திருக்காருன்னு நெனைப்பாங்க. குடுங்க இப்டி."

பாட்டிலை ஈரத்துணியோடு சீர்வரிசைப் பித்தளைக் குடத்துக்குள் போட்டு வாயைக் கட்டினேன். சீர்க்குடத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

குடம் பஸ் கூரைமேல் ஏறியது. போய் இறங்கியதும், நாலு பேர் பார்க்கட்டும் என்று சீர் முழுவதையும் பந்தல் வாசலில் வெயிலில் பரப்பிவிட்டார்கள். சாயங்காலம் குடத்தைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரி சுட்டது. துணி காய்ந்து மொறமொறத்தது. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிற மருந்தில் தூள்தூளாக ஏதோ மிதந்தது.

"இன்னாமே, கலங்கலா கீது?"

"பஸ்ஸுல குலுங்கிச்சு இல்ல? கைய நீட்டுங்க."

அது செத்த மருந்து என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் போட்டேன். மறுநாள் முகூர்த்தம். காலையிலும் அதே, சாயங்காலமும் அதே. அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். டாக்டரைத் தேடினால் எதற்கு என்று சம்பந்தி கேட்பாளே! சிரித்துக்கொண்டே பந்தி பரிமாறினேன். மூன்றாம் நாள் காலை வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, பெண்ணும் மாப்பிள்ளையும் பார்க்கக் கீழே விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பாட்டிலை முந்தானையிலிருந்து எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா என்னையே பார்த்தாள்.

"பந்தலுக்கு எதிர்லயே சோடா கடையில ஐஸ்பொட்டி கீதே அண்ணி. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் திட்டியிருந்தால் தேவலை.

அவர் பிழைத்து, பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அண்ணனுக்கு இன்னாக்கா ஆச்சு?"

"இன்னா ஆவும்? பொண்ணு கல்யாணம்னு ஏழு லட்டு தின்னாரு. நான் சொன்னா கேக்குறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கல்யாணத்தில் அவர் ஒரு லட்டைக் கையால்கூடத் தொடவில்லை. உள்ளே பாயில் படுத்திருந்தவர் குரல் கொடுத்தார்.

"ஏழு இல்லமே. எட்டு."

அதற்கப்புறம் யார் கேட்டாலும் எட்டு என்றே சொன்னேன்.